அலமாரியின் உள்புறம்

எண்பதுகளின் கடைசியில் கோவை கணபதிப் பக்கம் ஒரு மரப்பட்டறையில் பாலிஷ் வேலைக்குச் சேர்ந்தேன். ஸ்பிரிட்டில் ஊறிய அரக்குச் செதிலும் சந்தரசுப் பிசினும்தான் அன்றைக்கு எங்கள் சரக்கு. காவி கலந்த சாக் பவுடரைப் பூசித் தேக்கின் துளைகளை அடைப்போம். காய்ந்ததும் உப்புத்தாள் போடுவோம். பிறகு பஞ்சை மல் துணியில் பொட்டலமாகக் கட்டி, அரக்கில் தோய்த்து, எட்டு எட்டாகச் சுழற்றித் தேய்ப்போம். ஒரு கை போட்டுக் காயவிட்டு அடுத்த கை, அதற்கு மேல் இன்னொரு கை என்று ஒரு பீரோவுக்கு வாரம் ஓடிவிடும். நகக்கண்ணில் ஏறிய அரக்கு வேலையை விட்டு நின்றாலும் மாதக்கணக்கில் போகாது.

ஸ்பிரிட் கேன் முதலாளி அறையில் பூட்டுக்குள் இருக்கும். மதுவிலக்கு நடப்பில் இருந்த காலத்தில் அதைக் குடிக்க எடுத்துவிடக் கூடாதென்று, பிரெஞ்சு பாலிஷைப் பெயர் சொல்லியே கட்டுப்படுத்தும் விதிகளை 1959-இல் அரசு கொண்டுவந்தது. அந்தக் கண்டிப்பின் மிச்சம் எங்கள் பட்டறை வரை இருந்தது. காலையில் அளந்து வாங்கி, மாலையில் மிச்சத்தைத் திருப்பிக் கொடுப்போம்.

அன்று பளபளப்புத்தான் எல்லாம். கதவில் முகம் தெரிய வேண்டும். பாலக்காட்டுக் கணவாய் வழியாக ஈரக்காற்று வீசும் ஆடி மாதத்தில் மெருகு வெளுத்துப் பூத்துவிடும். ஸ்பிரிட் ஆவியாகும்போது பலகையின் மேல்பரப்பு குளிர்ந்து, காற்றில் உள்ள ஈரம் அதில் படிவதால் வரும் வெண்மை அது. அப்படிப் பூத்த கதவுக்குக் கூலி கிடையாது. மறுபடி தேய்க்க வேண்டும். இன்றைக்கு என் பட்டறைக்கு வருகிறவர்களில் பெரும்பாலோர் ஒளியே அடிக்காத மங்கல் வெள்ளை கேட்கிறார்கள். அது ஒரே சீராக, எந்தக் கோணத்தில் பார்த்தாலும் திட்டுத் தெரியாமல் வர வேண்டும் என்கிறார்கள். அன்று குறையாக இருந்த மங்கலை இன்று அத்தனை கவனத்தோடு செய்து கொடுக்கிறோம். பளபளப்பைவிட அது கடினமான வேலை.

ஆனால் நான் சொல்ல வந்தது வெளிப்புறத்தைப் பற்றி அல்ல. அன்றைய பீரோவின் கதவைத் திறந்தால் உள்ளே பச்சை மரம் இருக்கும். சில வேலைகளில் பிரஷால் ஒரு கை வார்னிஷ் ஓட்டியிருப்போம். பல வேலைகளில் அதுவும் இராது. வீட்டுக்காரர்கள் செய்தித்தாளை விரித்துத் துணி அடுக்குவார்கள்.

"உள்ளயும் போடலாமுங்களா மேஸ்திரி?" என்று பட்டறை மேஸ்திரியிடம் ஒருமுறை கேட்டேன்.

"உள்ள யாரு கண்ணு பாக்கப் போறாங்க? பொட்டலம் மூலைக்குப் போகாது. போனாலும் அங்கயே திரண்டு நிக்கும். செய்ய முடியாதத அரைகொறையாச் செய்யறதவிட, செய்யலீனு சொல்லிப் போடறது நல்லது" என்றார்.

மேஸ்திரி சோம்பேறி அல்ல. பொட்டலத்தைச் சுழற்ற இடம் வேண்டும். மூன்று பலகைகள் கூடும் மூலையில் அந்த இடம் இல்லை. தேக்குக்கு அது பெரிய குறையாகவும் இல்லை. நன்றாகக் காய்ந்த தேக்கு உள்ளே பூச்சில்லாமலும் நாற்பது வருடம் நிற்கும். கருவி எட்டிய இடம் வரை மெருகு, அதற்கப்பால் மரத்தின் தயவு என்று ஒரு நியாயம் அன்று நிலவியது.

மரம் மாறியபோது அந்த நியாயம் போனது. தேக்கின் இடத்துக்கு பிளைவுட் வந்தது. பிறகு எம்.டி.எஃப். வந்தது. மர நாரைப் பசையோடு அழுத்திச் செய்த அந்தப் பலகை முகத்தில் கண்ணாடி மாதிரி வழவழப்பாக இருக்கும். அறுத்த விளிம்பிலோ தண்ணீரைக் குடித்து ஊதும். ஊதியது திரும்ப இறங்காது. அதை வைத்துச் சமையலறைக்கு அலமாரி செய்கிறோம். கீழே பாத்திரம் கழுவும் தொட்டி, பக்கத்தில் கொதிக்கும் சாம்பார், மேலே நீராவி. ஒரு முகத்தில் பூசி மறுமுகத்தைப் பச்சையாக விட்டால் இரண்டு பக்கமும் ஈரத்தை ஒரே அளவில் வாங்காது, கதவு வளைந்துவிடும். உள்புறம் யார் கண்ணிலும் படாத இடமாக இருந்தது போய், அலமாரியின் ஆயுளையே முடிவு செய்யும் இடமாகிவிட்டது.

அதற்குள் நாங்களும் பொட்டலத்தை விட்டு ஸ்பிரே கன்னுக்கு வந்திருந்தோம். என்.சி. லேக்கர், மெலமைன், பின்னர் பி.யு. என்று சரக்குகள் மாறின. கன் மட்டும் பல வருடம் அதே கப் கன்தான். அடியில் தொங்கும் கப் ஏறக்குறைய ஒரு லிட்டர் பிடிக்கும். நாசில் முனையைத் தாண்டிக் காற்று வேகமாகப் போகும்போது அங்கே அழுத்தம் குறையும். கப்பில் உள்ள சரக்கு மேலேறி வந்து காற்றில் சிதறும். சரக்கைத் தூக்கவும் காற்று வேண்டும், சிதறடிக்கவும் காற்று வேண்டும் என்பதால் 40, 50 பவுண்டு அழுத்தம் வரை வைப்போம். கெட்டிச் சரக்கு ஏறாது என்று தின்னரை ஊற்றி நீர்க்க வைப்போம். நீர்த்த சரக்கு மெல்லிய படலமாகத்தான் உட்காரும். நிற்கும் பலகையில் வழியும். நான்கு கை போதும் என்கிற இடத்தில் ஆறு கை ஆகும்.

வெளிக்கதவைப் படுக்கப்போட்டு அடிக்கும்வரை இதெல்லாம் சமாளிக்கக் கூடியதே. பெட்டிக்குள் போனால்தான் துன்பம். தட்டின் அடிப்பக்கத்துக்குக் கன்னை மேல்நோக்கித் திருப்பினால் கப் சாயும். மூடியின் காற்றுத்துளை வழியே சரக்கு சொட்டும். குழாயின் வாய் சரக்கை விட்டு விலகிக் காற்றைக் குடிக்கும், கன் துப்பும். பெட்டிக்குள் அடித்த 40 பவுண்டு காற்றுக்குப் போக வழியில்லை. அது மூலையில் மோதி, உட்காரப் போன சரக்கையும் கிளப்பிக்கொண்டு முகத்துக்கே திரும்பும். பாதி வழியில் காய்ந்த துகள்கள் அடித்து முடித்த பலகையில் வந்து இறங்கும். தடவினால் மணல் மாதிரி நெருடும். இத்தனையும் நிரம்பிய கப்போடு கன்னை ஒரு கையில் பிடித்து, இடுப்பை வளைத்து, தலையை அலமாரிக்குள் விட்டுச் செய்ய வேண்டும். மாலையில் மணிக்கட்டு விறைத்துத் தேநீர்க் கிளாஸ் பிடிக்க முடியாமல் நின்றவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

பட்டறைக்குப் பட்டறை கம்ப்ரசர் ஓடும் ஊர் எங்களுடையது. 1960-இல் தொடங்கிய, கம்ப்ரசர் செய்யும் எல்ஜி இந்த ஊர் நிறுவனம்தான். காற்றுக்குப் பஞ்சமே இல்லாத இடத்தில், அந்தக் காற்றை வேறு விதமாகப் பயன்படுத்தலாம் என்ற யோசனை மரவேலைக்காரர்களான எங்களுக்குத் தாமதமாகத்தான் வந்தது. மாடுலர் கிச்சன் செய்யும் ஒரு பட்டறைக்கு நான் மாறிய பிறகுதான் பிரஷர் பாட்டை முதலில் கையாண்டேன்.

பார்க்க எளிய பொருள் அது. கனத்த சுவருள்ள ஒரு பாத்திரம், திருகிகளால் இறுக்கும் மூடி. மூடியின் மேல் அழுத்தத்தைக் குறைக்கும் ரெகுலேட்டர், மீட்டர், சேஃப்டி வால்வு, காற்றை வெளியேற்றும் ஒரு குழாய்த்திருகு. உள்ளே அடிவரை போகும் ஒரு குழாய். கம்ப்ரசர் காற்று சரக்கின் மேல் அழுத்தும். சரக்கு குழாய் வழியாக ஏறி, ஹோஸில் ஓடி, கன்னுக்கு வரும். சிதறடிக்கும் காற்று இன்னொரு ஹோஸில் தனியாக வரும். இளநீரை உறிஞ்சுவது போலக் கப் கன் சரக்கை இழுக்கிறது. பாட் அதைத் தள்ளிவிடுகிறது. வேறுபாடு அவ்வளவே. ஆனால் அந்த ஒன்றிலிருந்து மற்ற எல்லாம் மாறுகின்றன.

சரக்கைத் தூக்கும் வேலை காற்றுக்கு இல்லாததால், சிதறடிக்க மட்டும் எவ்வளவு தேவையோ அவ்வளவு வைத்தால் போதும். பெட்டிக்குள் இருந்து திரும்பி அடிக்கும் புயல் பாதிக்கு மேல் அடங்கிவிடுகிறது. கெட்டிச் சரக்கும் வரும் என்பதால் தின்னர் குறைகிறது. ஒரு கையிலேயே படலம் நிறைவாக உட்காருகிறது. கப் கன்னுக்கு 1.8 மில்லிமீட்டர் நாசில் போட்ட இடத்தில் இதற்கு 1.0 முதல் 1.4 வரை போதும். கையில் இருப்பது வெறும் கன். அதை மேல்நோக்கித் திருப்பலாம், தலைகீழாகப் பிடிக்கலாம், தட்டுக்கும் தட்டுக்கும் நடுவில் ஒரு சாண் இடைவெளியில் நுழைக்கலாம். தட்டின் அடிப்பக்கத்தில் முதன்முதலாகச் சொட்டில்லாமல், துப்பலில்லாமல் ஒரே சீராகச் சரக்கு போய் உட்கார்ந்ததைப் பார்த்தபோது எனக்கு ஏற்பட்ட மகிழ்ச்சி சாதாரணமானது அல்ல. மேஸ்திரி 'முடியாது' என்று நேர்மையாக விட்டுவைத்த இடம் அது.

இதில் வியப்பான ஒரு சங்கதி உண்டு. நாங்கள் புதியது என்று நினைத்த இந்தத் தத்துவம் மிகப் பழையது. 1887-இல் சிகாகோவில் மார்ஷல் ஃபீல்டு வணிகக் கட்டடத்தின் பராமரிப்புப் பொறுப்பில் இருந்த ஜோசப் பிங்க்ஸ், அடித்தளச் சுவர்களுக்கு வெள்ளையடிக்க ஒரு கருவி செய்தார். கலத்தில் சுண்ணாம்புக் கரைசல், கையால் அடிக்கும் பம்பு, ஒரு ஹோஸ், முனையில் நாசில். 1893-இல் அந்நகரில் நடந்த உலகக் கண்காட்சியின் வெள்ளை மாளிகைகளுக்கு அந்த முறையில்தான் வண்ணம் அடித்தார்கள். சரக்கை உறிஞ்சாமல் அழுத்தித் தள்ளும் எண்ணம் அங்கேயே இருந்தது. சுவருக்கு வந்து நூறு வருடம் கழித்து எங்கள் அலமாரிக்குள் வந்து சேர்ந்திருக்கிறது.

பாட் வந்தால் கைத்திறமைக்கு வேலையில்லை என்று அன்று பலர் பேசினார்கள். நான் கண்டது வேறு. திறமை இடம் மாறியது. கப் கன்னில் கலவை சரியில்லை என்றால் ஒரு கதவு கெடும். கப் தீர்ந்ததும் நின்று பார்த்துத் திருத்தலாம். பத்து லிட்டர் பாட்டுக்குள் கலவை சரியில்லை என்றால் ஒரு சமையலறை முழுக்க அந்தப் பிழை ஓடிவிடும். அதனால் விசையை இழுப்பதற்கு முந்தைய அரை மணி நேரம்தான் இன்று பாலிஷ்காரரின் உண்மையான வேலை நேரம்.

அன்று குச்சியை விட்டுச் சரக்கை எடுத்து ஒழுகவிட்டு, 'இது போதும்' என்போம். இன்று ஃபோர்டு கப்பில் நிரப்பி, அடித்துளை வழியே ஒழுகி முடிய எத்தனை நொடி ஆகிறது என்று பார்க்கிறோம். மார்கழிக் காலையில் ஓடத் தயங்கும் அதே சரக்கு சித்திரை மதியத்தில் தண்ணீராக ஓடும். தினமும் அளந்தால்தான் தெரியும். அடுத்து, மெல்லிய நைலான் துணியில் வடிகட்டுகிறோம். பிறகு சிதறடிக்கும் காற்றை மூடிவிட்டு, பாட்டின் அழுத்தத்தை 8 முதல் 15 பவுண்டுக்குள் வைத்துக் கன்னின் விசையை இழுக்கிறோம். சரக்கு நூல் பிடித்தாற்போல் முக்கால் அடி, ஓரடி நேராகப் போய் அதன் பிறகு வளைந்து விழ வேண்டும். முனையிலேயே தொங்கினால் அழுத்தம் போதாது. இரண்டடி பாய்ந்தால் அதிகம். அது சரியான பிறகுதான் காற்றைத் திறந்து, பட்டை சீராக விரியும்வரை கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்ட வேண்டும். இரண்டு மீட்டர், இரண்டு முடிவு. ஒன்றின் குறையை மற்றதால் மறைக்கப் பார்த்தால் பலகை காட்டிக்கொடுத்துவிடும்.

பாட் எங்கே நிற்கிறது என்பதும் கணக்கில் வரும். சரக்கு ஒரு மீட்டர் ஏறுவதற்கு ஏறத்தாழ ஒன்றரைப் பவுண்டு அழுத்தம் செலவாகும். தரையில் 10 பவுண்டில் வைத்துவிட்டு இரண்டு மீட்டர் உயரத்து லாஃப்டுக்கு அடித்தால், மூன்றில் ஒரு பங்கு வழியிலேயே போய்விடும். கீழே நன்றாக வந்தது மேலே வறண்டு வரும். வீட்டுக்கே போய் அடிக்கும் வேலைகளுக்கு இரண்டு லிட்டர் சின்னப் பாட்டைத் தோளில் மாட்டிக்கொள்வதன் காரணம் இதுதான்.

பெட்டிக்குள் அடிப்பதற்கும் ஒரு வரிசை இருக்கிறது. முடிந்தால் பின்பலகையைக் கழற்றித் தனியே அடிப்பது நல்லது. காற்றுக்கு வெளியேற வழி கிடைக்கும். கழற்ற முடியாவிட்டால் முதலில் மூலைகள், பிறகு மேல்பலகையின் அடிப்பக்கம், பின்பலகை, பக்கவாட்டு, கடைசியில் தரைப்பலகை. மேலிருந்து இறங்கும் துகள் எதுவானாலும் இன்னும் அடிக்காத இடத்தில் விழுந்து, அடுத்த வீச்சில் கரைந்துவிடும்.

வேலையை விட்டு ஓய்ந்த பிறகு மேஸ்திரி ஒருமுறை என் பட்டறைக்கு வந்தார். பாட்டைச் சுற்றி வந்து பார்த்தார். ஹோஸைக் கையில் எடுத்து எடை பார்த்தார்.

"ஏங் கண்ணு, இத்தன நீளத்துக்கு ஹோஸுல நிக்கிற சரக்க என்ன பண்றீங்க?"

பல வருடம் பாட்டை வைத்து வேலை செய்பவர்கள்கூடக் கேட்காத கேள்வி அது. கால் அங்குல உள்விட்டமும் 25 அடி நீளமும் உள்ள ஹோஸில் கால் லிட்டர் சரக்கு நிற்கும். உள்விட்டம் அங்குலத்தில் எட்டில் மூன்று பங்கானால் அரை லிட்டருக்கும் மேல். ஹார்டனர் கலந்த பி.யு. என்றால் சில மணி நேரத்தில் இறுகத் தொடங்கும். இறுகிய பின் அந்த ஹோஸைத் தூக்கி எறிய வேண்டியதுதான். அவருக்குச் செய்தே காட்டினேன். முதலில் பாட்டின் காற்றை முழுக்க வெளியேற்றினேன். மூடியைத் தளர்த்தினேன். ஏர் கேப்பை ஒரு சுற்று தளர்த்தி, அதன் வாயைத் துணியால் பொத்தி, விசையை இழுத்தேன். போக வழியில்லாத காற்று ஹோஸ் வழியே பின்னால் போய்ச் சரக்கை எல்லாம் பாட்டுக்குள்ளேயே திருப்பிக் கொண்டுவந்து சேர்த்தது. அதன் பிறகு தின்னர் விட்டுக் கழுவினேன்.

"இதான் வேல. அடிக்கிறது எல்லாருமே அடிச்சுப் போடுவாங்க" என்றார்.

ஹோஸைக் கழுவும் இந்த வேலை இருப்பதால்தான் கப் கன்னை நான் பட்டறையை விட்டு அனுப்பவில்லை. ஒரு கதவுக்கு மட்டும் வேறு நிறம், ஒரு சின்ன மாதிரிப் பலகை என்றால் கப்தான் சரி. 200 மில்லி நிறத்துக்காக ஒரு பாட்டையும் இரண்டு ஹோஸையும் கழுவத் தின்னர் செலவழிப்பது வீண். பிரைமர், சீலர், வெள்ளை, மேல்கை லேக்கர் என்று ஒரே சரக்கு நாள் முழுக்க ஓடும் வேலைக்குப் பாட்.

சொல்லியே தீர வேண்டியவை இன்னும் இரண்டு உண்டு. முதலாவது, மூடி. அழுத்தம் உள்ளே இருக்கும்போது அதைத் திறக்கவே கூடாது. மீட்டர் பூஜ்யம் காட்டினாலும் காற்றுத் திருகைத் திறந்து, சத்தம் அடங்கிய பிறகே மூடியில் கை வைக்க வேண்டும். சேஃப்டி வால்வை அடைத்து வைப்பது ஆளைக் கொல்லும் காரியம். இன்று என்னிடம் வேலை செய்கிறவர்களில் ஒடிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் வந்த தம்பிகள் இருக்கிறார்கள். அவர்களுக்கு நான் முதலில் கற்றுக்கொடுக்கும் பாடம் கன் பிடிப்பது அல்ல. "அண்ணா, காத்துப் போச்சு, திறக்கவா?" என்று அவர்கள் தமிழில் கேட்ட பிறகுதான் மூடி திறக்கும்.

இரண்டாவது, மூச்சு. அன்று அரக்கு வாசனையில் வளர்ந்தோம். தலை கனத்தால் வெல்லம் தின்றால் சரியாகும் என்பார்கள், தின்றோம். அது எதையும் சரியாக்கவில்லை. பி.யு. ஹார்டனரில் உள்ள ஐசோசயனேட் நுரையீரலைத் தாக்கும். தொழில்முறை ஆஸ்துமாவுக்கு நன்கறிந்த காரணங்களில் ஒன்று அது. ஒருமுறை உடம்பு அதற்கு ஒவ்வாமை கொண்டுவிட்டால் பிறகு மிகச் சிறிய அளவும் மூச்சை இறுக்கும். முகத்தில் கட்டும் துண்டு அதைத் தடுக்காது. பாட் வேலையை வேகப்படுத்துகிறது என்றால், ஒரு மணி நேரத்தில் அறைக்குள் போகும் சரக்கும் கூடுகிறது என்று பொருள். அதிலும் தலையை அலமாரிக்குள் விட்டு அடிக்கிறார்கள். கரி வடிப்பான் உள்ள முகமூடியாவது, முடிந்தால் வெளிக்காற்றைக் குழாயில் கொண்டுவரும் முகக்கவசம், காற்றை இழுத்து வெளியே தள்ளும் விசிறி, பாட்டுக்கு ஒரு எர்த் கம்பி ஆகியவை இல்லாமல் பிரஷர் பாட் வாங்கும் முதலாளி பாதிக் கருவியைத்தான் வாங்கியிருக்கிறார். அந்த மீதிப் பாதிக்கான விலையைத் தொழிலாளி தன் நெஞ்சால் கொடுக்கிறார்.

புதிதாகச் சமையலறை செய்கிறவர்களுக்கு என் வேண்டுகோள் ஒன்றுதான். கதவை மூடி வைத்து நிறத்தைப் பார்த்துவிட்டுத் திரும்பிவிடாதீர்கள். திறந்து, தட்டின் அடிப்பக்கத்தில் உள்ளங்கையை வைத்து மூலை வரை இழுத்துப் பாருங்கள். நெருடினால் கேளுங்கள். திருகு துளைத்த இடத்திலும் அறுத்த விளிம்பிலும் பூச்சு ஏறியிருக்கிறதா என்று கேளுங்கள். அடித்தவருக்கு என்ன முகமூடி கொடுத்தார்கள் என்றும் கேளுங்கள். எங்கள் மேஸ்திரிக்கு 'உள்ளே முடியாது' என்று சொல்ல நியாயம் இருந்தது. அவர் கையில் இருந்தது ஒரு பஞ்சுப் பொட்டலம். எட்டாத மூலைக்கும் எட்டும் கருவியை வைத்திருக்கிற எங்களுக்கு அந்த நியாயம் கிடையாது.